பகல் குறுகும்போது பூக்கும் கொடி

ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் நாட்டு அவரைக்கொடி ஐப்பசி பிறக்கும்வரை பூக்க அவசரப்படுவதில்லை. பந்தல் இருந்தால் பந்தலில், வேலி இருந்தால் வேலியில், இலையும் தழையுமாக ஏறிக்கொண்டே இருக்கும். பகல் சுருங்கி இரவு நீள்வது இலைகளுக்கு எட்டிய பிறகுதான் மொட்டு கட்டும். தாவரவியலில் இத்தகைய பயிர்களைக் குறும்பகல் செடிகள் என்பார்கள். கார்த்திகையில் பூ, மார்கழியிலும் தையிலும் காய். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கும் ஒசூர் மேட்டில் அது பனி இறங்கும் காலம். பனி பட்ட அவரைக்குத்தான் மணம் என்பதில் ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைச் சந்தைகளில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

இதே கொடியை ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டு மாடியில், தெருவிளக்குக்கு நேர்கீழே வளர்த்தால் பூப்பது தள்ளிப்போகும். குறும்பகல் செடி உண்மையில் அளந்து பார்ப்பது பகலை அல்ல, இடையில் கலையாத இருட்டை. இரவு முழுக்க வெளிச்சம் விழுந்தால் அதன் கணக்கு கலைந்துவிடுகிறது. மூன்று ஷிப்டும் ஓடுகிற ஆலைகளின் மதில் விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் அணையாத ஊரில் இது கற்பனைச் சிக்கல் இல்லை. இலை செழித்தும் காய் பிடிக்காத கொடிக்கு உரம் போட்டு, வேப்பெண்ணெய் அடித்து, சலித்துப்போய் வெட்டிவிடுகிறார்கள். தொட்டியை விளக்கு மறைகிற மூலைக்கு நகர்த்திப் பார்த்திருந்தால் போதும். அந்தக் கொடிக்குக் குறை இருட்டில்தான்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஒசூரின் நாளும் அப்படித்தான் வேறு கணக்கில் ஓடுகிறது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று 1980களில் பெரிய ஆலைகள் நிலைகொண்டன. பிறகு அந்த அலை சூளகிரிக்கும் கெலமங்கலத்துக்கும் பரவியது. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் மின்ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. 2019இல் ஒசூர் மாநகராட்சி ஆனது. ராகி விளைந்த செம்மண் மேடுகள் மனைகளாகின. மனைகளில் வரிசையாக ஒற்றை அறை லைன் வீடுகள் எழுந்தன. தருமபுரி, சேலம், திருவண்ணாமலைப் பிள்ளைகளோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். பழைய ஊர் வீட்டுக்குப் பின்னால் கொல்லை என்று ஓரிடம் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடம். அங்கே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, சுவரில் ஏறிய பீர்க்கு, தானாக முளைத்த தக்காளி. லைன் வீட்டுக்குக் கொல்லை கிடையாது.

கொல்லை போனதோடு ஒரு சமையலும் இடம் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சமையலைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

திப்பு வீழ்ந்த மறு வருடம், 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர்ச் சீமையைச் சுற்றி வந்து வேளாண்மையைக் குறித்துவைத்தார். 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சேறிய அவருடைய நூலில், ராகி வயலுக்குள் அவரையும் துவரையும் உச்செள்ளும் வரிசைவரிசையாக விதைக்கும் முறை விவரமாக இருக்கிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் கிருஷ்ணகிரி மானாவாரி நிலங்களிலும் அதே முறைதான்; இன்றும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக்கு நடுவில் அவரை வரிசை ஓடுவதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. அந்த வயலை ஒரு சமையல்காரரின் கண்ணோடு பார்த்தால் முழுச் சாப்பாடும் நிற்பது தெரியும். களிக்கு ராகி, குழம்புக்கு அவரையும் துவரையும், தாளிக்க ஓரத்துக் கடுகு, துவையலுக்கும் எண்ணெய்க்கும் உச்செள்ளு. ராகி அறுப்பானதும் ஈரம் காய்வதற்குள் கொள்ளு. களையெடுக்கும்போது மடியில் விழுகிற பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் அன்றைய கடைசலுக்கு. விலைக்கு வாங்க வேண்டியது உப்பும் கொஞ்சம் மிளகாயும்தான்.

இந்தச் சாப்பாட்டில் பால் எங்கே என்று கேட்கலாம். பால் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. ஒசூர் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்காக 1824இல் தொடங்கிய பண்ணை இன்றும் அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. கிராமத்துக்குக் கிராமம் பால் சொசைட்டி இருக்கிறது. ஆனால் மாடு வைத்திருந்த சிறு விவசாயி வீட்டில் விடியற்காலையில் கறந்த பால் கேனில் ஏறிப் போய்விடும். அது காசு, பள்ளிக்கட்டணம், கடன் தவணை. வீட்டுக்கு நின்றது குழந்தைக்கு ஒரு டம்ளரும் டீக்குக் கொஞ்சமும். களிக்குத் தொட்டுக்கொண்டது கொள்ளுக் கடைசலும் கீரைக் கடைசலும்தான். நெய் திருவிழாச் சாமான். கறியும் அப்படித்தான்: பண்டிகைக்கு, விருந்தாளிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு. மற்ற நாளெல்லாம் இந்த அடுப்பில் வெந்தது, இன்று வீகன் என்று பெயர்சொல்லி அட்டை போட்டு விற்கிற உணவேதான்.

இதை ஒரு பெருமைக் கதையாக்கிவிடக் கூடாது. வறுமையும் அதில் இருந்தது. ஆனாலும் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். நம் ஊரில் ‘சைவம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி நிற்கிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் தொழிலாளியிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, கறி சமைப்பீர்களா என்பது. அந்தச் சைவம் நெய்யிலும் தயிரிலும் பாலிலும் நின்றது. ஒரு சொட்டுப் பாலில்லாமல், தழையையும் பயற்றையும் தானியத்தையும் கொண்டே உழைக்கும் உடம்பை நிறுத்திய சமையல், சுத்தம் என்று யாராலும் கொண்டாடப்படாத வீடுகளில் இருந்தது. விலங்குகள்மேல் உள்ள அக்கறையால் பாலையும் விட நினைக்கிற இன்றைய இளைஞர் கற்றுக்கொள்ளப் போகவேண்டிய இடம் அந்த வீடுகள்தான். அங்கே போகும்போது உபதேசத்தைச் செருப்போடு வெளியில் விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த வீட்டில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோழி அடிப்பவர்களாக இருக்கலாம், அது அவர்கள் உரிமை.

அங்கே கற்க என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சமையல் போதும். எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் மூன்றிலும் பஸ்ஸாறு உண்டு. துவரம்பருப்பையோ பச்சை அவரைக்கொட்டையையோ முக்கால் பதம் வேகவைத்து, நறுக்கிய கீரையை அதில் போட்டு வெந்ததும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வடித்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, சாறே அதுதான். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மல்லி, கொஞ்சம் தேங்காய் வதக்கி, வெந்த பருப்பிலும் கீரையிலும் ஒரு கைப்பிடி எடுத்துச் சேர்த்து, புளியோடு அரைத்து வடித்த தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் மெல்லிய குழம்பு. மிச்சக் கீரையும் பருப்பும் கடுகு தாளித்துப் பொரியலாகிவிடும். ஒரே பானையிலிருந்து களிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளவும் இரண்டு. கீரைச்சத்து தண்ணீரோடு சாக்கடைக்குப் போவதுமில்லை. ஒரு வகைக் கீரை மட்டும் போட்டால் அது சிறப்பதில்லை. நாலைந்து கீரை கலந்தால்தான் பஸ்ஸாறுக்கு நாக்கில் நிற்கும் ருசி. கலவைக் கீரை சந்தைக் கட்டில் கிடைக்காது. வயலோரத்திலோ நாலு தொட்டியிலோதான் கிடைக்கும்.

மார்கழியின் சமையல் வேறு. முற்றிய பச்சை அவரைக்கொட்டையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் துள்ளி விழும். பிதுக்கம்பருப்பு. வேலை மெதுவானது; வீட்டில் இருக்கும் எல்லாரும் உட்காரவேண்டும். இஞ்சி, பூண்டு, கசகசா, தேங்காய் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்த அந்தக் குழம்பில் பருப்பு வெண்ணெய்போல் கரையும், வெண்ணெய் தேவைப்படாது. பெங்களூரில் இந்தப் பருவத்துக்கென்றே அவரை மேளா நடக்கிறது. ஜிலேபிவரை அவரையில் செய்து விற்கிறார்கள். ஒசூர்ப் பக்கம் அந்த ஆரவாரம் இல்லை, ஆனால் தை முடியும்வரை தெருவில் நடந்தால் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடும்.

பகல் நீளம் பார்க்காமல் எந்த மாதம் விதைத்தாலும் காய்க்கும் குத்தவரை ரகங்களைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 என்று அவற்றுக்குப் பெயர். விவசாயிக்கு ஆண்டு முழுக்க வருமானம் தருகிற ரகங்கள். மாடித் தொட்டிக்கும், விளக்கடிக்கும் தோதானவை. அவற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை. ஆனால் பழைய கொடியை விட்டுவிடவும் கூடாது. சித்திரையில் கிடைக்கிற அவரையைச் சித்திரையில் தேடிச் சாப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. காத்திருந்து கிடைக்கிற ருசி வேறு. ஆண்டில் இரண்டரை மாதம் மட்டும் கிடைப்பதால்தான் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பிதுக்குகிறார்கள்.

மாடியில் வளர்ப்பது எப்படி என்று வழிகாட்ட இன்று ஆள் இருக்கிறது. 2021இல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டம் திட்டத்தில், 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளையைத் தோட்டக்கலைத் துறை 225 ரூபாய்க்குக் கொடுத்தது. விதைத் தளை 15 ரூபாயாக இருந்தது. குரோ பேக், தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் மாடித்தோட்டத் தளையில் அடக்கம். அதுவும் கிடைக்காவிட்டால் பெயின்ட் வாளியும் சிமென்ட் சாக்கும் போதும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கு, ஒரு பங்கு நார்க்கழிவு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை நீக்கிய பிறகு கலக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில். வாடகைக்கு இருப்பவருக்குக் கீரையே முதல் பயிர். வீடு மாறச் சொன்னாலும் ஒரு பறிப்பு பார்த்திருக்கலாம். வீட்டுக்காரர்கள் மாடி ஒழுகும் என்று பயப்படுவது நியாயம்தான். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அந்தப் பயத்தில் பாதி குறையும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்குக் கொடிப்பசலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் ஊரில் அது அன்றாடக் கீரை. ஒரு தண்டை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் வேர்பிடித்துவிடும். இந்த ஊரில் அந்நியர்களாக அடுத்தடுத்த கதவில் இருக்கிற இரண்டு வீடுகள் பேசத் தொடங்க அந்த ஒரு தண்டு போதும்.

தண்ணீர்தான் கடினமான பகுதி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லையும் எலும்பையும் அது தின்றதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரி நீர் இந்த ஊர்களுக்கு ஏறியது. அத்தனை தூரம் ஏறி வரும் குடிநீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது, வரவும் கூடாது. அரிசி களைந்த நீர், பருப்பும் காயும் கழுவிய நீர், இரண்டும் நாலு தொட்டிக்குக் காணும். சோப்பு கலந்த தண்ணீர் கீரைக்கு ஆகாது.

இன்னொரு தண்ணீர் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து வரும் அந்த ஆற்றில் பெங்களூரின் வர்த்தூர் ஏரிவழி கழிவுநீர் கலக்கிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணை மதகுக்குக் கீழே வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கிச் சாலைவரை வருவதை ஒசூர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அந்த அணையின் கால்வாய்த் தண்ணீரில் விளையும் நிலங்களும் இருக்கின்றன. விவசாயியின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. வருகிற தண்ணீரை மாற்றும் சக்தி அவரிடம் இல்லை. நகரத்தார் மாடியில் கீரை வளர்த்துத் தப்பித்துக்கொள்வதும் இதற்குத் தீர்வு ஆகாது. தன் தொட்டிக் கீரையின் சுத்தத்தில் மகிழ்கிறவர்களே ஆற்றுக்காகவும் குரல் கொடுக்கவேண்டியவர்கள்.

மண்ணுக்கு என்ன போடுவது என்பதில் வீகன் தோட்டக்காரருக்கு ஒரு தர்மசங்கடம் வரும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தைத் தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் பெரும்பாலோர் நம்புகிறார்கள். அதில் சாணம், கோமியத்தோடு பால், தயிர், நெய்யும் சேரும். தேங்காயும் மோரும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் அப்படியே. தட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தொட்டியில் ஊற்றுவதா? மானாவாரி விவசாயியிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோவது அறிவீனம்; அவருடைய ராகி வயல் சாண எருவில்தான் நிற்கிறது. பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு வேறு வழி உண்டு. கிருஷ்ணகிரியில் நிலக்கடலைக்கும் வேம்புக்கும் குறைவில்லை. கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்ததும் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் இலை கரும்பச்சையாகும். வேப்பம் புண்ணாக்கு வேர்ப்பூச்சியைப் பார்த்துக்கொள்ளும். சமையலறைத் தோலும் தெருப் புங்கமரத்துச் சருகும் ஒரு வாளியில் மூன்று மாதம் மக்கினால் எருவாகிவிடும்.

பாலை விட்டால் எலும்புக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த மண் நல்ல பதில் வைத்திருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பாலில் சுமார் 120. ராகியிலுள்ள பைட்டேட் அதை முழுதும் உடம்பில் சேரவிடாது என்பதும் உண்மை. முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் அந்தத் தடை குறையும். ராகிக் கூழை முதல் நாள் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவது அதனால் இரட்டை நன்மை. மோர் ஊற்றாமலே அதற்குப் புளிப்பு உண்டு. பச்சை வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் தொட்டுக்கொண்டால் பங்குனி வெயிலுக்கு அதற்கு இணையில்லை. ஆனால் பி12 வைட்டமினைக் களியிலும் கீரையிலும் தேடிப் பயனில்லை. பால், முட்டை, மீன் எல்லாம் விட்டவர் அதை மாத்திரையாக எடுத்தே ஆகவேண்டும். இதைச் சொல்லாமல் வீகன் சமையல் பேசுவது படிப்பவருக்குச் செய்யும் துரோகம்.

கோடையின் சமையலுக்குத் தலைவன் புளி. மாசியிலிருந்து சித்திரைவரை கிருஷ்ணகிரி வட்டாரத்தில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புளி சாப்பிட்ட சிறுவர்களுக்குச் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியதைக் காட்டியது. ஃபுளோரைடு மண்ணில் வாழ்ந்த மக்கள் குழம்புக்குக் குழம்பு புளி கரைத்தது வீண்போகவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. தக்காளி பிறகு வந்த விருந்தாளி. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ஊரே தவித்தது. வேறு மாதங்களில் அதே தக்காளியை விலையில்லாமல் ராயக்கோட்டைப் பக்கம் சாலையோரம் கொட்டுகிறார்கள். பையூர் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்று ‘பையூர் 1’ தக்காளியைத் தந்திருக்கிறது, நல்ல ரகம். இருந்தும் தக்காளி இல்லாத மாதத்தில் புளிச்சக்கீரையும் மாங்காயும் புளியும் இருக்கின்றன. மாம்பழ மாவட்டத்தில் சித்திரை, வைகாசிக் காற்றுக்குக் காலையில் கீழே கிடக்கும் காய்களே ஒரு வாரக் குழம்புக்கு வரும்.

புரட்டாசியில் வேறொன்று நடக்கிறது. பெருமாளுக்காக ஊரில் பாதி வீடுகள் கறியை நிறுத்திவிடும். அதே மாதத்தில்தான் மழை கூடி, வயலோரம் கீரை வெடித்துக் கிளம்பும். நம்பிக்கையும் விளைச்சலும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தது தற்செயலாக இல்லாமலும் இருக்கலாம். ஐப்பசியில் ராகி வயல் விளிம்பெல்லாம் உச்செள்ளுப் பூத்து மஞ்சளாகும். அதன் விதையை வறுத்து, மிளகாய், பூண்டு, புளி, உப்போடு இடித்த பொடி களிக்கும் தோசைக்கும் ஆகும். ஒரு டப்பா இடித்துவைத்தால் நைட் ஷிப்ட் போகிறவருக்கு ஒரு மாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கவலையில்லை.

நைட் ஷிப்ட் போகிறவருக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற நேரம் ஏது என்பது சரியான கேள்வி. பெண்கள் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் வட்டாரம் இது. அவர்களுக்கு மாடியும் இல்லை, அடுப்பும் இல்லை. அவர்கள் சாப்பாடு ஆலை கேன்டீனில் தீர்மானமாகிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் கேன்டீன் இருக்கவேண்டும் என்றும், அதை நடத்தும் குழுவில் தொழிலாளருக்கு இடம் வேண்டும் என்றும் வழிசெய்தது. அந்தக் குழுவில் உட்காருகிறவர்கள் சோற்றின் அளவைப் பற்றியும் சாம்பாரின் தண்ணீரைப் பற்றியும் கேட்பதோடு, மாதத்தைப் பற்றியும் கேட்கலாம். சுற்றுவட்ட விவசாயிகளிடமிருந்து ராகி, கொள்ளு, கலவைக் கீரை. மார்கழி, தையில் வாரத்துக்கு ஒரு மதியம் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஆயிரம் பேருக்கு யார் பிதுக்குவது என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். பெங்களூர்ச் சந்தைகளில் பிதுக்கிய பருப்பே கிலோக் கணக்கில் விற்கிறது. பிதுக்கித் தருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் அந்த வேலைக்குக் கைகள் இருக்கின்றன, கொடிகளும் இருக்கின்றன. கேன்டீன் குழு கார்த்திகைக்குள் கூடி ஆர்டர் கொடுத்தால் இந்த மார்கழிக்கே பருப்பு வந்து சேரும்.